படுக்கையில் கிடந்தும் சொன்ன சாட்சி



விதைநெல், பசளை, வாய்க்கால், காணி அனுமதிப்பத்திரம் என்று இந்தப் பக்கங்களில் நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்முறை மரணத்தைப் பற்றி எழுதுகிறோம். வீடு வீடாகப் போகும்போது எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு கேள்வியே இதற்குக் காரணம். "இனி ஒண்டும் செய்ய ஏலா, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பிய பின்னர், வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வது? நோயாளி என்ன செய்வது? அவருடைய விசுவாசம் அந்த நாட்களில் எதற்கு உதவும்?

இக்கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையல்ல, இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்தவர்கள். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டபோது உள்ளூர்க் கண்டங்களை விட்டுக் கரையோரத்துக்கு ஓடிவந்தார்கள். தமிழரும் ஓடினார்கள், முஸ்லிம்களும் ஓடினார்கள். பின்னர் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் வீடுகள் போயின. இப்படி மரணத்தை மொத்தமாகக் கண்டவர்களுக்கு, ஒரு மனிதன் பாயில் கிடந்து ஆறு மாதமாகச் சாவது புதிதாக இருக்கிறது. திடீர் மரணத்தில் அழுவதற்கு மட்டுமே நேரம் கிடைத்தது. இங்கோ பேசுவதற்கும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன பேசுவது என்றுதான் எவருக்கும் தெரியவில்லை.

ஒரு வீட்டை மட்டும் இங்கே சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். கமக்காரர், சபையில் முன்வரிசையில் அமர்கிறவர் அல்லர். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வாயில் இல்லாமல் வயலில் இறங்கமாட்டார். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்தபோது அதைப் பல்லுக் குத்திய காயம் என்று நினைத்து ஒரு போகம் முழுவதும் விட்டுவிட்டார். இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. இதை வாசிக்கும் எவருக்காவது வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் தழும்போ இருந்தால் இந்த இதழை அப்படியே வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

அவர் மகரகமவுக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தார், பலமுறை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கும் போனார். இறுதியில் வீட்டுக்கு வந்தார். நாம் முதன்முறை போனபோது மனைவி எம்மை வாசலில் நிறுத்தி, "அவருக்கு ஒண்டும் தெரியாது, சொல்லிப்போடாதீங்க" என்றார். உள்ளே போனோம். அவர் மெதுவாக, "இவளுக்குச் சொல்லிப்போடாதீங்க, தாங்கமாட்டாள்" என்றார். இருவரும் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பூட்டைப் போட்டுக்கொண்டு தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்க எமக்கு மூன்று கிழமை சென்றது. அதை எப்படித் திறந்தோம் என்று சொல்லுமுன், எமக்கு முன்னே இந்த வழியாக நடந்த சிலரைச் சொல்லவேண்டும்.

இக்கரையில் மெதடிஸ்த சபையைத் தொடங்கிவைத்தவரே ஒரு நோயாளிதான். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1813 ஆம் ஆண்டின் இறுதியில், தோமஸ் கோக் அவர்களின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சிறு குழுவில் ஒருவர். கடலில் வரும்போதே 1814 பெப்ரவரியில் அவருடைய மனைவி இறந்துபோனார். மே மாதம் தலைவர் கோக்கும் கப்பலில் இறந்தார். மனைவியையும் தலைவரையும் கடலுக்குக் கொடுத்த மனிதர் ஜூன் இறுதியில் காலியில் கரையிறங்கினார். அங்கே கூடிப் பேசி ஆளுக்கோர் ஊரைப் பிரித்தபோது இவருக்குக் கிடைத்தது மட்டக்களப்பு. தனியாக வந்தார். பாஷை தெரியாது, சொந்தக்காரர் இல்லை, உடம்பும் சரியில்லை. பள்ளிக்கூடம் தொடங்கினார், தமிழ் படிக்க ஆரம்பித்தார், பிரசங்கித்தார். 1815 ஏப்ரல் முதலாம் திகதி இறந்தார். இங்கே அவர் இருந்தது ஒன்பது மாதம்கூட இல்லை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814 ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. பின்னாளில் அதே மிஷனின் வழியில் எழுந்ததுதான் எமது கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும்.

ஓல்டை வீரராக்கிப் பேசுவது எமது பிரசங்கிகளின் வழக்கம். எமக்கு அதில் சற்று மனவருத்தம் உண்டு. உடம்பு முடியாதவர் ஓய்வெடுக்காமல் வேலை செய்தார் என்பதை எல்லோருக்கும் மாதிரியாக வைத்தால், பாயில் கிடக்கும் எம்முடைய கமக்காரர் என்ன செய்வார்? அவரால் எழுந்து உட்காரவும் ஏலாது. ஓல்டின் கதையில் எமக்குப் பிடித்தது வேறொன்று. அவர் தன் துக்கத்தை முடித்துவிட்டு, உடம்பைத் தேற்றிவிட்டு, பாஷையைக் கற்றுத் தேறிவிட்டுத்தான் வேலை தொடங்குவேன் என்று காத்திருக்கவில்லை. இருந்த நிலையில் தொடங்கினார். காத்திருந்திருந்தால் ஏப்ரல் வந்திருக்கும்.

மற்றவர் எம் நாட்டுத் தமிழர், டி. ரி. நைல்ஸ். 1908 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர். 1948 இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் முதன்முதல் கூடியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர். 1968 இல் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த மாநாட்டுக்கு மார்ட்டின் லூதர் கிங் பேச இருந்தார். அவர் ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்டதனால் அந்த இடத்தில் நைல்ஸ் நின்று பேசினார். இலங்கை மெதடிஸ்த சபையின் தலைவராக இருந்த காலத்தில் புற்றுநோய் வந்தது. 1970 ஜூலையில் வேலூர் வைத்தியசாலையில் காலமானார். அவருடைய எழுத்துக்களை அவருடைய மகன் தொகுத்து வெளியிட்டது அதற்குப் பிறகுதான்.

சுவிசேஷம் சொல்வது என்றால் என்ன என்பதற்கு நைல்ஸ் சொன்ன உவமை உலகமெங்கும் தெரிந்தது. ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் எங்கே கிடைக்கும் என்று காட்டிவிடுவதைப் போன்றது அது என்றார். இதை ஓய்வுநாட் பள்ளியில் நாமும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் நிவாரண வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அது முழுதாய் விளங்கும். எந்த இடத்தில் அரிசி கொடுக்கிறார்கள் என்று 1990 இல் ஒருவருக்கொருவர் சொன்னோமே, அப்போது எவரும் மற்றவரை விட உயர்ந்தவராகப் பேசவில்லை. வெறுங்கையோடு நின்றவர் வெறுங்கையோடு நின்றவருக்குச் சொன்னார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத நோயாளி தன் விசுவாசத்தைச் சொல்லும்போது அது அப்படித்தான் கேட்கிறது. அதில் அதிகாரம் இல்லை, பணம் இல்லை, மதம் மாற்றும் நோக்கம் இருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. எம்மைப்போலப் பல மதத்தவரும் பக்கத்துப் பக்கத்து வேலிகளோடு வாழும் ஊரில் இது சிறிய விஷயம் அல்ல.

அந்தக் கமக்காரரின் வீட்டுக்குத் திரும்புவோம்.

அவருடைய வயலுக்கு அடுத்த வயல் ஒரு முஸ்லிம் பெரியவருடையது. இருவரும் முப்பது வருடம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். கிழக்குக் கரையில் நோயாளியைச் சுகம் விசாரிக்கப் போவது முஸ்லிம் மக்கள் ஒரு கடமையாகவே செய்வது. எமது சபை மக்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் நினைவுகூர்ந்துவிட்டு வீட்டுக்குப் போன நாட்களில், இந்தக் காக்கா இரண்டு நாளைக்கொருமுறை இளநீரோடு வந்து கட்டிலருகில் உட்கார்ந்தார். இதை எழுத எமக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நோன்பு காலத்தில் அவர் வீட்டுக் கஞ்சிதான் நோயாளிக்கு இறங்கிய ஒரே உணவு.

ஒருநாள் நாம் இருக்கும்போதே பெரியவர் கேட்டார், "தம்பி, உங்களுக்குப் பயமில்லையா?"

"பயம் இல்லாம என்ன காக்கா. ராவையில வரும். வந்தா நான் ஆண்டவரக் கூப்பிட்டு, நீங்களும் இப்படிக் கிடந்து அழுதீங்கதானே, இப்ப என்னோட இருங்க எண்டு சொல்லுவன். விடிஞ்சிரும்."

வாயில் புண்ணோடு அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றைச் சொன்னார். "பத்து வருஷத்துக்கு முன்ன, தண்ணி இல்லாத போகத்தில, ராவோட ராவா உங்கட வக்கடையை அடைச்சது நான்தான். எனக்குப் பொறுதி தாங்க."

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார் பெரியவர். எழுந்து நின்று, "என்ட முறையில உங்களுக்காக துஆக் கேட்கட்டா?" என்றார். "கேளுங்க காக்கா" என்றார் இவர். பெரியவர் கையேந்தினார். நாம் தலை குனிந்து நின்றோம். நம்மில் ஒருவர் பின்னர் வழியில், அது சரியா என்று கேட்டார். சரிதான் என்பது எமது துணிபு. தன் விசுவாசத்தை ஒளிக்காமல் சொன்னவருக்கு, அடுத்தவர் தன் விசுவாசத்தோடு அருகில் நிற்பதைப் பொறுப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

இனி எமது பிழையைச் சொல்வோம். வேறொரு வீட்டில், சில வருடங்களுக்கு முன், நாம் சுகமளிக்கும் ஜெபம் நடத்தினோம். சத்தமாக ஜெபித்தோம். விசுவாசம் இருந்தால் எழும்புவார் என்று சொன்னோம். அவர் எழும்பவில்லை. அடக்கம் முடிந்து மனைவி எம்மிடம் கேட்டார், "அவருக்கு விசுவாசம் குறைவா, அல்லது எனக்கா?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். சுகத்துக்காக ஜெபிப்பதை நாம் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் நடக்காவிட்டால் பழியை நோயாளியின் தலையில் வைக்கும் ஜெபத்தை விட்டுவிட்டோம். மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று எவராவது சொன்னால், அவர் எந்தச் சபையின் ஊழியராக இருந்தாலும் அவரை உங்கள் படலைக்குள் விடாதீர்கள்.

வலியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் எம்மிடையே உண்டு. வலியைச் சகிப்பதே சாட்சி என்று பலர் நினைக்கிறார்கள். இதை மாற்றியவர் ஒரு கிறிஸ்தவப் பெண், சிசிலி சாண்டர்ஸ். இங்கிலாந்தில் தாதியாகத் தொடங்கி, பின்னர் சமூக சேவையாளராகி, அதன்பின் வைத்தியம் படித்து 1957 இல் வைத்தியரானவர். அவருடைய பாதையைத் திருப்பியது ஓர் அகதி. டேவிட் தஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர், வார்சோவிலிருந்து தப்பி வந்து லண்டனில் ஒரு வைத்தியசாலையில் நாற்பது வயதில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வீடு இல்லை, உறவு இல்லை, வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை என்று வருந்தினார். இருவரும் பலநாள் பேசினார்கள், இறந்துகொண்டிருப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் எப்படி இருக்கவேண்டும் என்று. 1948 பெப்ரவரியில் அவர் இறந்தபோது தன்னிடமிருந்த 500 பவுணை சிசிலிக்கு எழுதிவைத்து, அந்த இல்லத்தில் தான் ஒரு யன்னலாக இருப்பேன் என்ற எண்ணத்தைச் சொல்லிப்போனார். இல்லம் எழ 19 வருடம் சென்றது. 1967 இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. அந்த யன்னல் அங்கே வாசலருகில் இருக்கிறது. அகதி ஒருவரின் பணத்தில் வைத்த யன்னல் என்பதை இடம்பெயர்ந்த எம்மவர் நினைவில் வைக்கத் தகும். 2005 ஜூலையில் சிசிலி அம்மையாரும் புற்றுநோயால் அதே இல்லத்தில்தான் இறந்தார்.

அவர் கற்றுத்தந்த முக்கியமான காரியம் இதுதான்: வலி வந்து நோயாளி கத்தும்வரை காத்திருந்து மருந்து கொடுக்கக்கூடாது. வலி திரும்புமுன், மணிக்கணக்குப்படி கொடுக்கவேண்டும். வாயால் குடிக்கும் மோர்பின் மருந்தைப் பொதுவாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது, வெறிகாரனாக்கவும் மாட்டாது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். எமது கமக்காரர் தொடக்கத்தில் மோர்பினை மறுத்தார். ஆண்டவர் சிலுவையில் கசப்புக் கலந்த பானத்தை மறுத்தாரே என்றார். நாம் விவாதிக்கவில்லை. இரவில் வலியால் பேத்தியை அருகில் படுக்க விடமுடியவில்லை என்று அவரே ஒருநாள் சொன்னார். அன்றிரவு குடித்தார். பேத்தி பக்கத்தில் படுத்தாள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். பாய் ஈரமாக இருக்கக்கூடாது. மெல்லிய துணியை உப்புநீரில் நனைத்து வாயைத் துடையுங்கள், உதட்டில் எண்ணெய் பூசுங்கள். பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கள், புண்ணில் இலையான் இருந்தால் புழு வைக்கும். புண் நாறினால் அதற்கும் மருந்து உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கித் தூவச் சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள், வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள். நாற்றத்தால்தான் பல வீடுகளில் சுகம் விசாரிக்க வருபவர்கள் நின்றுபோகிறார்கள். நோயாளிக்கு அது தெரியும்.

இவற்றைச் செய்ய வைத்தியர்தான் வேண்டுமென்றில்லை. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அயலவர்களின் வேலையாக வளர்ந்தது. மாணவர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள், வீட்டுப் பெண்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகிறார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் சேர்ந்தே. எமது கரையோரம் அந்த மாவட்டத்துக்கு எவ்வளவோ ஒத்திருக்கிறது.

பூட்டைத் திறந்த கதை இன்னும் மிச்சம். அதைத் திறந்தது பிரசங்கம் அல்ல, காணிதான். அவருடைய வயல் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணி. அப்படிப்பட்ட காணிக்குப் பின்னுரித்தாளரை நியமிக்கலாம், ஆனால் அந்த நியமனம் உரித்தாளர் உயிரோடிருக்கும்போதே பதிவாகவேண்டும். இல்லாவிட்டால் சட்டத்திலுள்ள அட்டவணைப்படி போகும். ஆண்பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்த அந்த அட்டவணை 2022 இல்தான் திருத்தப்பட்டது. நியமனம் இல்லாமல் இறந்தவர்களின் வீடுகளில் அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரை போனதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இதை நாம் அவருடைய மனைவிக்கு முன்னாலேயே அவரிடம் சொன்னோம். எசேக்கியா அரசன் நோயுற்றபோது ஏசாயா தீர்க்கதரிசி வந்து முதலில் வீட்டு அலுவல்களை ஒழுங்குபடுத்தத்தானே சொன்னார் என்றோம். மனைவி எம்மைக் கோபமாகப் பார்த்தார். அவர் மனைவியைப் பார்த்தார். "ஓம், எழுதத்தான் வேணும். நான் இருக்கப்போறதில்ல, உனக்குத் தெரியும்தானே?" என்றார். "தெரியும்" என்றார் அவர். இருவரும் அழுதார்கள், முதன்முறையாக ஒன்றாக.

கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போயிற்று. மூத்த மகளின் பெயர் பதிவாகியது. அதன்பின் அந்த வீட்டில் கதவு சாத்திப் பேசும் பழக்கம் போய்விட்டது. போதகர் வந்து இராப்போசனம் கொடுத்தபோது அவரால் அப்பத்தை விழுங்க முடியவில்லை, இரசத்தில் நனைத்த துளியை மனைவி நாக்கில் வைத்தார்.

பெரும்போக விதைப்புக்கு முன் இறந்தார். அன்று பந்தல் போட்டதும் கதிரை கொண்டுவந்ததும் அயல் முஸ்லிம் இளைஞர்கள். மிஞ்சிய மோர்பின் போத்தலை மனைவி வைத்தியசாலையில் திருப்பிக் கொடுத்தார். நாம் இரவல் கொடுத்திருந்த கட்டிலை ஏற்றிக்கொண்டு வரும்போது காக்கா வழியில் மறித்தார். தன் சகோதரி பாரிசவாதத்தில் விழுந்து கிடப்பதாகவும், தரையில் வைத்துப் புரட்டக் கஷ்டப்படுவதாகவும் சொன்னார். கட்டில் இப்போது அங்கே இருக்கிறது.